பாடநூல் உரையாடலில் எதிரில் இருப்பவரின் வரிகள்

ஜப்பானிய மொழியைத் தொடக்க நிலையில் கற்பவர்கள் பாடநூல் உரையாடல்களை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடக் கூடாது என்று எல்லா வகுப்பிலும் சொல்வார்கள். மனப்பாடத்துக்குப் பிறகு என்ன செய்வது என்பதைத்தான் அவ்வளவாகச் சொல்வதில்லை. தமிழ்நாட்டின் வட எல்லையில் உள்ள ஆரம்பாக்கத்தில் குடியிருந்து, எல்லையைத் தாண்டி ஸ்ரீசிட்டியில் இயங்கும் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு நாள்தோறும் போய்வந்துகொண்டே இம்மொழியைப் பழகியவள் நான். இந்தப் பழக்கத்தில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்றைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன். ஓர் உரையாடலில் நாம் பேச வேண்டிய வரிகளைவிட, எதிரில் இருப்பவர் பேசும் வரிகளையே கூடுதலாகப் பயில வேண்டும். நாம் பேசுவதை நாம் முன்கூட்டியே தேர்ந்துகொள்ளலாம். அவர் பேசுவதை அவர்தான் தேர்ந்துகொள்கிறார்.

எங்கள் வட்டாரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தடாவை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் இசுசு, கோபெல்கோ, டைகின் எனப் பல ஜப்பானிய நிறுவனங்கள் ஆலை அமைத்திருக்கின்றன. இசுசுவின் வாகன ஆலை 2016இல் திறக்கப்பட்டது. இவற்றுக்குப் பொருள் வழங்கும் சிறு தொழிற்சாலைகளும் சேர்ந்ததால், கும்மிடிப்பூண்டி முதல் சூளூர்ப்பேட்டை வரையுள்ள ஊர்களின் இளைஞர்கள் பலருக்குச் சில ஜப்பானியச் சொற்கள் வேலையோடு வேலையாகப் பழகிவிட்டன. சைரி, சைத்தோன், சைசோ, சைகெத்சு, ஷித்சுகெ என்று, பணியிடத்தைச் சீராகவும் சுத்தமாகவும் வைத்துக்கொள்வதற்கான ஐந்து ஒழுங்குகளும் சுவரில் தொங்கும். கைசென் (தொடர் மேம்பாடு), கெம்பா (வேலை நடக்கும் இடம்) என்ற சொற்களைக் கூட்டங்களில் எல்லோரும் புழங்குவார்கள். ஆனால் ஆய்வுக்கு வரும் ஜப்பானியப் பொறியாளர் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டால், இத்தனை சொற்கள் தெரிந்தவர்களும் மொழிபெயர்ப்பாளரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். தேர்வும் இந்தக் குறையைப் போக்குவதில்லை. ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையில் நடக்கும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் எழுத்து, சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டல் ஆகியவை மட்டுமே உண்டு. பேச்சுத் தேர்வு எந்த நிலையிலும் கிடையாது. ஆகவே தொடக்க நிலைச் சான்றிதழைப் பெற்ற ஒருவர் ஒரு வாக்கியமும் வாய்விட்டுப் பேசியிராதவராக இருக்க முடியும்.

எங்கள் மாலை வகுப்பில் பயன்படுத்திய நூல் மின்னா நோ நிஹோங்கோ. அதன் முதல் தொகுதியில் இருபத்தைந்து பாடங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஓர் உரையாடலும் அதற்கான ஒலிப்பதிவும் இருக்கும். என்னுடன் பயின்றவர் தடாவைச் சேர்ந்த தெலுங்குத் தம்பி ஒருவர். என்னை அக்கா என்று அழைப்பார். அந்தச் சொல் இரண்டு மொழிக்கும் பொது என்பதால் எங்களுக்குள் எந்த மொழியில் பேசுகிறோம் என்ற கணக்கே இருந்ததில்லை. கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகும் நேரமும், கேண்டீனில் சாப்பிட்டு முடித்த சில நிமிடங்களும் எங்கள் பயிற்சிக் களம்.

முதலில் கேட்பதிலிருந்து தொடங்க வேண்டும். நூலைத் திறக்காமல் ஒலிப்பதிவை மட்டும் கேட்டு, யார் யாரிடம் பேசுகிறார், என்ன கேட்கிறார், என்ன முடிவாகிறது என்பதைத் தமிழில் சொல்லிப் பார்ப்போம். பிறகு உரையாடலில் ஒருவர் பாத்திரத்தை நமதாக எடுத்துக்கொண்டு, அவருடைய வரி வரும் இடங்களில் ஒலிப்பதிவை நிறுத்தி, நாமே பதில் சொல்ல வேண்டும். நூலில் உள்ள பதிலேதான் வர வேண்டும் என்பதில்லை. கேட்ட கேள்விக்குப் பொருந்தும் பதிலாக இருந்தால் போதும். இந்தக் கட்டம் ஓரளவு கைவந்த பிறகுதான் அச்சிட்ட வரிகளைப் பார்ப்போம். வரிகளை முதலிலேயே படித்துவிட்டால் கண் முந்திக்கொள்ளும், காது வேலை செய்யாது. ஒலிப்பதிவின் வால் பிடித்தாற்போல் ஒரு நொடி பின்தங்கி அப்படியே சேர்ந்து பேசும் பயிற்சியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. பொருள் தெரியாமல் அதைச் செய்வதால் வாய்க்கு மட்டுமே பழக்கம் ஏற்படும்.

எதிரில் இருப்பவரின் வரிக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் இம்மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது. ஜப்பானியத்தில் கேட்பவர் பயன்படுத்தும் சொல்லையே திருப்பிப் பதிலில் பயன்படுத்த முடியாத இடங்கள் பல. உங்கள் பெயரைக் கேட்பவர் மரியாதை முன்னொட்டுச் சேர்த்து ஒநமயெ என்பார். நாம் நம் பெயரைப் பற்றிப் பேசும்போது வெறும் நமயெதான். உங்கள் அம்மாவைப் பற்றி ஒகாசன் என்று அவர் விசாரித்தால், நாம் ஹஹ என்று சொல்லிப் பதில் தர வேண்டும். அவர் பெயரோடு சன் என்ற மரியாதை ஒட்டைச் சேர்க்க வேண்டும். நம் பெயரோடு சேர்க்கவே கூடாது. இரண்டு பேருடைய வரிகளையும் ஒரே ஓட்டமாக ஒப்பித்துப் பழகியவர்களுக்கு, எது யார் வாயில் வர வேண்டிய சொல் என்ற பிரிவு மனத்தில் பதிவதில்லை. தமிழருக்கும் தெலுங்கருக்கும் இதில் கூடுதல் கவனம் தேவை. நம் வீட்டுப் பெரியவர்களையும் நம் மேலாளரையும் பற்றி வெளியாரிடம் பேசும்போதும் நாம் மரியாதையை விடுவதில்லை. மேனேஜர் சார் வெளியே போயிருக்கிறார் என்று நானும், மேனேஜர்காரு என்று தம்பியும் இயல்பாகச் சொல்வோம். ஜப்பானியர்களோ, வெளி நிறுவனத்தாரிடம் பேசும்போது தம் மேலாளரின் பெயரோடு சன் சேர்க்க மாட்டார்கள். நம்மைச் சேர்ந்தவர் யாராயினும், வெளியார் முன்னிலையில் அவர் நம் பக்கத்தவர். இந்த வழக்கம் நமக்கு உறுத்தத்தான் செய்யும். உறுத்தல் தீரும்வரை வாய்விட்டுப் பழக வேண்டும்.

எழுவாய் மறைவதும் இதோடு தொடர்புள்ளது. தமிழிலும் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுகிறோம் என்பதால் ஜப்பானியத்தில் அது எளிது என்று தோன்றும். ஆனால் தமிழில் வந்தேன், வந்தார், வந்தார்கள் என்று வினைமுற்றின் ஈறே ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. ஜப்பானியத்தில் எல்லாவற்றுக்கும் கிமஷ்த என்ற ஒரே வடிவம்தான். எண்ணும் இடமும் பாலும் வினையில் இல்லை. எதிரில் இருப்பவர் எழுவாயில்லாமல் ஒரு வாக்கியம் சொன்னால், அது என்னைப் பற்றியதா, அவரைப் பற்றியதா, மூன்றாமவரைப் பற்றியதா என்பதைச் சொல்லில் உள்ள மரியாதைக் குறியையும் சூழலையும் வைத்துத்தான் அறிய வேண்டும். அதனால் ஒவ்வொரு உரையாடலிலும் எதிரில் இருப்பவரின் வரிகளை மட்டும் தனியே எடுத்து, மறைந்திருக்கும் ஆளை ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வதை ஒரு பயிற்சியாகவே வைத்திருந்தோம். உரையாடல் பயிற்சிகளிலேயே எனக்கு மிகுந்த பயன் தந்தது இதுதான்.

இனி உச்சரிப்பு. இதில் எல்லையோர வாழ்க்கை எங்களுக்கு ஒரு நல்வாய்ப்பைத் தந்தது. தமிழ் எழுத்தில் ஜப்பானிய வரிகளைக் குறித்துக்கொண்டு படிப்பவர்களுக்கு ஒரு பெரிய சிக்கல் உண்டு. வல்லினத்துக்கு நம்மிடம் ஒரே எழுத்துதான். சொல்லில் அது நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். உயிர்களுக்கு நடுவே தனியாக வந்தால் மெலியும். மெல்லினத்துக்குப் பின் வந்தால் தொண்டை அதிரும் அதிர்வொலியாகும். வானிலையைக் குறிக்கும் சொல்லும் மின்சாரத்தைக் குறிக்கும் சொல்லும் தமிழ் எழுத்தில் ஒன்றுபோலவே தென்கி என்றுதான் வரும். வானிலைக்கான சொல்லின் முதலொலி நாம் தென்னை என்று சொல்லும்போது வருவது. மின்சாரத்துக்கான சொல்லின் முதலொலி தெய்வம் என்பதைப் பேச்சில் பலர் அதிர்வோடு சொல்லும்போது வருவது. இரண்டிலும் ன் என்பதற்குப் பின் வரும் கி அதிராமல் வர வேண்டும். தமிழ் நாக்கு அதை அதிரச் செய்துவிடும். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் உள்ள சொற்களும் இப்படியே முதலெழுத்தின் அதிர்வில் மட்டுமே வேறுபடுகின்றன. எண்களிலும் இது வருகிறது. நூறு ஹ்யகு, முந்நூறிலோ அதன் முதலொலி அதிரும் ப் ஆக மாறுகிறது, அறுநூறிலும் எண்ணூறிலும் அதிராத ப் இரட்டித்து வருகிறது. விலை பேசும் உரையாடலில் இவை தெளிவாக இல்லையென்றால் கேட்பவருக்குத் தொகை விளங்காது.

தெலுங்கில் இந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் இருப்பதால் தம்பிக்கு இது ஒரு பொருட்டாகவே இல்லை. ஒரு கட்டத்தில் நான் தமிழ்க் குறிப்பை நிறுத்திவிட்டுத் தெலுங்கு எழுத்தில் குறிக்கத் தொடங்கினேன். சத்தியவேட்டில் சில ஆண்டு படித்ததால் எனக்குத் தெலுங்கு எழுத்து தெரியும். தெலுங்கு தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஜப்பானியத்தில் முதலில் கற்கும் எழுத்துமுறையான ஹிரகனாவின் அடிப்படை எழுத்துகள் நாற்பத்தாறுதான். அதிர்வொலி வேண்டுமானால் அதே எழுத்தின் தோளில் இரண்டு சிறு கோடுகள் போடுகிறார்கள். அந்தக் கோடுகளைக் கண் பார்த்த மாத்திரத்தில் தொண்டை அதிர வேண்டும் என்று பழகிக்கொண்டால் போதும். எவ்வளவு விரைவில் ஹிரகனாவுக்கு மாறுகிறோமோ அவ்வளவுக்கு நல்லது. த்சு என்ற ஒலியும் தம்பிக்கு எளிதாக வந்தது. தெலுங்கில் சாலா என்ற சொல்லின் முதலொலியைப் பல்லை ஒட்டி உச்சரிப்பார்கள். அதே இடத்தில்தான் த்சுவும் பிறக்கிறது. அவர் அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்ல, அவர் வாயைப் பார்த்தே அதைக் கற்றுக்கொண்டேன்.

கால அளவு தமிழருக்குச் சாதகமானது, ஓரிடத்தைத் தவிர. குறில் நெடில் வேறுபாடு நம் இரத்தத்தில் ஊறியது. ஒபசன் என்றால் அத்தை வயதுப் பெண், ஒபாசன் என்றால் பாட்டி என்பதை நம்மவர் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ஆனால் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது நம் இலக்கணம். ஜப்பானியத்திலோ தனித்து நிற்கும் ன் என்பதற்கும், இரட்டிப்பைக் காட்டும் சிறிய த்சுவுக்கும் முழுதாக ஒரு மாத்திரை உண்டு. கொன்னிசிவ என்பது ஐந்து தட்டு: கொ, ன், னி, சி, வ. கிதெ இரண்டு தட்டு. தபால்தலையைக் குறிக்கும் கித்தெ மூன்று தட்டு. நாம் மெய்யை அரை மாத்திரையில் கடந்துவிடுவதால் நம் பேச்சு அவர்கள் காதுக்கு அவசரமாகக் கேட்கிறது. தொடையில் விரலால் தட்டிக்கொண்டே ஒவ்வொரு வரியையும் சொல்வது இதற்கு நல்ல மருந்து. அதே சமயம் தெஸ், மஸ் என்று முடியும் இடங்களில் கடைசி உகரம் ஏறத்தாழ ஒலிப்பதே இல்லை. சொல்லின் இறுதியில் உகரம் சேர்ப்பது நமக்கு இயல்பு. இங்கே அதைக் கட்டுப்படுத்த வேண்டும்.

பதினான்காம் பாடத்தில் வினையெச்ச வடிவம் அறிமுகமாகிறது. வகுப்பில் அதை ஆங்கில விளக்கத்தின் வழியாக நடத்தியபோது பலர் திணறினார்கள். தமிழ் வழியாகப் பார்த்தால் அது நம் செய்து என்னும் எச்சமேதான். சாப்பிட்டுப் பார்க்கிறேன் என்பதற்கு அவர்கள் தபெதெ மிமஸ் என்கிறார்கள். தபெதெ சாப்பிட்டு, மிமஸ் பார்க்கிறேன். தெலுங்கில் தினி சூஸ்தானு என்பதும் அதுவே. வாங்கி வைக்கிறேன் என்பது கத்தெ ஒகிமஸ்; அங்கும் இரண்டாம் வினைக்கு வைத்தல் என்றே பொருள். கொண்டு வருகிறேன் என்பது மொத்தெ கிமஸ். ஒருவர் சொன்னதை ‘என்று சொன்னார்’ என எடுத்துச் சொல்வதற்கு தொ ஈமஷ்த. நம் ‘என்று’ வரும் இடத்தில் தொ வருகிறது. எனக்கு இட்லி பிடிக்கும் என்பதில் இட்லி இரண்டாம் வேற்றுமை ஏற்காததுபோலவே அவர்களும் இத்லி க ஸுகி தெஸ் என்கிறார்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று நீண்ட காலம் வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு பற்றிய வழக்கு எப்படி முடிந்தாலும், வாக்கியத்தை அடுக்கும் முறையில் உள்ள இந்த ஒப்புமை கற்பவருக்குக் கையில் கிடைத்த செல்வம். ஆங்கிலத்துக்குப் போய்ச் சுற்றி வராமல், ஜப்பானிய வரியின் கீழே அதே வரிசையில் தமிழை எழுதிப் பார்க்குமாறு என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன்.

பாடநூல்களில் அச்சிட முடியாத ஒன்று, கேட்டுக்கொண்டிருப்பவர் இடையிடையே எழுப்பும் ஒலி. கதை சொல்லும் பாட்டிக்குப் பேரப்பிள்ளைகள் உம் கொட்டுவதுபோல, ஜப்பானியத்தில் எதிரில் பேசுபவருக்கு ஹை, ஏ, ஸோ தெஸ் க என்று தொடர்ந்து பதிலொலி தந்துகொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் பேசுபவர் நடுவில் நிறுத்திவிட்டு, புரிகிறதா என்று பார்ப்பார். அந்த ஹை என்பது ஒப்புதல் அல்ல, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதன் அடையாளம் மட்டுமே. இதைத் தொழிற்சாலையில் தெளிவாக அறிந்திருப்பது மிக அவசியம். ஸோ தெஸ் க என்பதைக் குரலை இறக்கிச் சொன்னால் அப்படியா, தெரிந்துகொண்டேன் என்று பொருள். ஏற்றிச் சொன்னால் ஐயக் கேள்வியாகிவிடும். நாங்கள் உரையாடலின் நீளமான வரிகளை இரண்டு மூன்று துண்டாக உடைத்து, துண்டுக்குத் துண்டு மற்றவர் உம் கொட்ட வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டோம். அச்சில் ஆறு வரியாக இருப்பது பேச்சில் இரண்டு மடங்கு நீண்டது; உரையாடலுக்கு உயிர் வந்தது.

அடுத்தது, நம் ஊரை உள்ளே கொண்டுவருவது. இந்த வண்டி இன்ன ஊருக்குப் போகுமா என்று நிலையத்தில் விசாரிக்கும் உரையாடல் எங்களுக்கென்றே எழுதியதுபோல் இருந்தது. சென்னையிலிருந்து வரும் புறநகர் வண்டிகளில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். ஆரம்பாக்கம், தடா, சூளூர்ப்பேட்டை வரை வருபவை சிலவே. கொனொ தென்ஷ வ தத எ இகிமஸ் க என்று நான் கேட்பேன். இல்லை, கும்மிடிப்பூண்டி வரைதான், அடுத்த வண்டியில் ஏறுங்கள் என்று தம்பி சொல்வார். பிறகு அவர் நூலில் இல்லாத ஒன்றைச் சேர்ப்பார்: அடுத்த வண்டி தாமதம் என்பார், அல்லது நீங்கள் எங்கே இறங்க வேண்டும் என்று திருப்பிக் கேட்பார். ஓர் உரையாடலுக்கு ஒரே ஒரு மாற்றம், அது எந்த வரியில் வரும் என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது ஏற்பாடு. ஒன்றுக்கு மேல் மாற்றினால் தொடக்க நிலையில் பயிற்சி சிதறிவிடுகிறது. இதற்கு முன்பே, மன்னிக்கவும், இன்னொரு முறை சொல்லுங்கள், மெதுவாகச் சொல்லுங்கள் என்ற மூன்று வாக்கியங்களை நாக்கின் நுனியில் வைத்திருக்க வேண்டும். அவற்றை முதல் பாடத்தோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து.

விலை பேசும் பாடத்தில் பெரிய தொகைகளைப் புகுத்தியதும் பயன் தந்தது. நாம் ஆயிரத்துக்கு மேல் லட்சம், கோடி என்று எண்ணுகிறோம். அவர்கள் பத்தாயிரத்தை மான் என்ற ஓர் அலகாகக் கொண்டு மேலே போகிறார்கள். ஒரு லட்சம் என்பது பத்து மான், ஜூமான். ஒரு கோடி ஆயிரம் மான். தொழிற்சாலையில் உற்பத்தி எண்ணிக்கையும் செலவும் இந்த அளவில்தான் வரும் என்பதால், நூலில் உள்ள சிறு விலைகளை எடுத்துவிட்டு, லட்சத்தில் அமையும் எண்களைப் போட்டுக் கேள்வியும் பதிலுமாகப் பழகினோம்.

நூலின் முதல் பத்தொன்பது பாடங்களிலும் எல்லோரும் மரியாதை முடிபோடுதான் பேசிக்கொள்கிறார்கள். நெருங்கியவர்கள் பேசும் எளிய நடை இருபதாம் பாடத்தில்தான் முறையாக வருகிறது. பணியிடத்தில் வயது மூத்த பொறியாளர் நம்மிடம் எளிய நடையில் கேட்பார். நாம் அதே நடையில் பதில் சொல்லக் கூடாது. சாப்பிட்டாச்சா என்ற பொருளில் மோ தபெத என்று அவர் கேட்டால், ஹை, தபெமஷ்த என்றுதான் நாம் சொல்ல வேண்டும். ஆகவே இருபதாம் பாடத்தை முடித்தவர்கள் பழைய உரையாடல்களுக்குத் திரும்பிப் போய், எதிரில் இருப்பவரின் வரிகளை மட்டும் எளிய நடைக்கு மாற்றி எழுதி, நம் வரிகளை அப்படியே மரியாதை நடையில் வைத்துக்கொண்டு மறுபடியும் பழக வேண்டும். எங்கள் பிரிவுக்கு வரும் பொறியாளர் ஒருவர், நாங்கள் மாற்றி எழுதிய வரிகளைத் திருத்தித் தம் குரலிலேயே செல்பேசியில் பதிந்து கொடுத்தார். நூலின் ஒலிப்பதிவைவிட அது வேகமானது. இறுதிச் சொற்களைப் பாதி விழுங்குகிறார், இடையில் ஆனொ, எத்தோ என்று தயங்குகிறார். அவருடைய வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே நாங்கள் பேசுவதற்கான இடைவெளியை முதலில் நீளமாக விட்டுப் பழகி, கைவரக் கைவர அதைக் குறைத்துக்கொண்டு வருகிறோம்.